1989-ம் வருஷத்துப் படங்கள்

1989-ம் வருஷம் வெளிவந்த தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "நாவல் எழுதுகிறவருக்கு இந்த வேலை எதற்கு?" என்று கேட்டார் ஒரு நண்பர். நல்ல வாசகர்தான். ஜனங்கள் கூட்டம் கூட்டமாய்ப் போய்ப் பார்த்த படத்தில் விமரிசனம் செய்ய என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. நல்ல படம் என்றால் அதற்குக் கூட்டம் இராது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. நம்மில் பலருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. அது ரஸனையால் வந்ததா, சோம்பலால் வந்ததா என்று அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு நாவல் இரண்டாயிரம் பிரதி விற்றுவிட்டால் நாங்கள் ஒருவரை ஒருவர் பாராட்டிக் கூட்டம் போட்டுக்கொள்கிறோம். அந்த வருஷத்துப் படம் ஒன்று மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. கதை சொல்லிப் பிழைக்கிறவன் அதைப் பார்த்து, "இதில் என்ன கண்டார்கள்?" என்று கேட்காமல் போனால் அவன் தன் தொழிலை மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஏன் அந்த வருஷம் என்றால், அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. எம்.ஜி.ஆர். 1977-ல் முதல் மந்திரியானதும் நடிப்பை விட்டுவிட்டார். 1987 டிசம்பரில் காலமானார். ஆனாலும் அவர் வகுத்துக் கொடுத்த கதாநாயகன் அதற்கெல்லாம் அசையாமல் திரையில் நின்றுகொண்டே இருந்தான். தப்பு செய்யாதவன், தோற்காதவன், உடம்பிலும் குணத்திலும் குறை இல்லாதவன். இந்த 1989-ல் ஜனங்கள் கொண்டாடிய கதாநாயகர்கள் யார் என்று பாருங்கள். ஒருவன் சர்க்கஸ் கோமாளி, குள்ளன். ஒருவன் தலையில் கரகம் வைத்து ஊர் ஊராய் ஆடுகிறவன். இன்னொருவன் குப்பைத் தொட்டியில் பிறந்து ரௌடியாய் வளர்ந்தவன். கதாநாயகன் மேடையிலிருந்து நாலு படி இறங்கி வந்து தரையில் நிற்கிறான். இது நல்ல மாறுதல் என்றே நினைக்கிறேன். ஆனால் அவன் இறங்கி வந்தபோது அவனோடு இருந்த பெண்கள் எங்கே போனார்கள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் மதுரையில் ஓடிய படம். கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்' அந்த ஜூன் மாதம் வந்தது. ராமராஜனும், தேவிகாவின் மகள் கனகாவும் நடித்தார்கள். கனகாவுக்கு அது முதல் படம். இதன் கதை எங்கிருந்து வந்தது என்பதைப் பழைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்'தான். கோபுலுவின் சித்திரங்களோடு வாராவாரம் அதைப் படித்தவர்கள், சண்முகசுந்தரத்தையும் மோகனாவையும் பக்கத்து வீட்டுக்காரர்கள்போல நினைத்தார்கள். 1968-ல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கியபோது சிவாஜியும் பத்மினியும் அந்த முகங்களை நிரந்தரமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இருபத்தோரு வருஷம் கழித்து நாகஸ்வரமும் பரதமும் இருந்த இடத்தில் கரகத்தை வைத்தார் கங்கை அமரன்.

வித்தையை மாற்றினால் கதையும் மாறும் அல்லவா? நாகஸ்வரக்காரனுக்கும் நாட்டியக்காரிக்கும் கோவில், சமஸ்தானம், ஜமீன் என்று போக ஒரு வட்டம் இருந்தது. கரகாட்டக்காரனுக்கு இருப்பது மாரியம்மன் கோவில் திருவிழா. பங்குனி, சித்திரையில் நையாண்டி மேளத்தோடு ராத்திரி முழுக்க ஆட வேண்டும். பூச்சோடித்த குடம் தலையில் அசையக்கூடாது, கையால் தொடவும் கூடாது. திருவிழாக் காலம் முடிந்தால் வருமானமும் முடிந்தது. இந்தக் கலைஞர்களைக் கதாநாயகனும் நாயகியுமாக வைத்து, கேலி செய்யாமல் ஒரு முழுப் படம் எடுத்தது சாதாரணக் காரியம் இல்லை. ஜனங்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். தங்கள் ஊர்க் கோவில் பொட்டலில் பார்த்த ஆட்டம் திரையில் அத்தனை பெரிதாக, இளையராஜாவின் வாத்தியங்களோடு வந்தபோது அவர்களுக்கு ஏற்பட்ட பெருமிதம்தான் அந்த நானூறு நாளும் ஓடிய ஓட்டம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இளையராஜாவும் கங்கை அமரனும் தங்கள் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய்க் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தவர்கள். ஒரு கச்சேரிக் கோஷ்டி எப்படிச் சாப்பிடும், எங்கே தூங்கும், எதற்குச் சண்டை போடும் என்பது அவர்களுக்குக் கைப்பாடம். கவுண்டமணியும் செந்திலும் தள்ளிக்கொண்டு போகிற அந்த ஓட்டைக் காரும், ஒரு ரூபாய்க்கு வாங்கி வரச் சொன்ன இரண்டு வாழைப்பழத்தில் ஒன்றைக் காணோம் என்கிற ரகளையும் வெறும் சிரிப்புக்கு ஒட்டவைத்த துணுக்குகள் அல்ல. ஒரு ரூபாய் ஒரு கோஷ்டிக்குப் பெரிய விஷயமாக இருந்தால்தான் ஒரு பழத்துக்கு அத்தனை தர்க்கம் நடக்கும். அந்தக் காட்சியை இன்றைக்கும் ஜனங்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதில் இருக்கிற பசியை ஒருவரும் சொல்வதில்லை.

சரி, மோகனா என்னவானாள்? சுப்புவின் மோகனா வீம்புக்காரி. தன் வித்தையில் கர்வம் உள்ளவள். மைனரும் ஜமீனும் மகாராஜாவும் சுற்றிச் சுற்றி வலை வீசும்போது, ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் போவது என்று தானே முடிவு செய்கிறாள். அவள் தாயாரோடு போடுகிற சண்டை ஒன்றே ஒரு நாவலுக்குப் போதும். அந்த இடத்துக்கு வந்த கனகாவின் காமாட்சிக்கு இப்படி முடிவு செய்ய ஒன்றும் இல்லை. அவள் ஆடுகிறாள், காதலிக்கிறாள், அழுகிறாள். அவளைப் பற்றி அப்பாவும் அத்தானும் ஊர்ப் பெரிய மனிதர்களும் முடிவு செய்கிறார்கள். கரகம் ஆடுகிற ஒரு பெண் ராத்திரி இரண்டு மணிக்குக் கூட்டத்திலிருந்து என்னென்ன பேச்சுக் கேட்கிறாள் என்பது கங்கை அமரனுக்குத் தெரியாமல் இருக்க நியாயம் இல்லை. படம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இத்தனை நாள் ஓடியிராது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஓட்டத்துக்காக எதை விட்டார்கள் என்று சொல்வதும் விமரிசகன் வேலைதான்.

மற்றப் படங்களைக் கொஞ்சம் வேகமாகப் பார்த்துவிடலாம். பாஸில் மலையாளத்தில் 1986-ல் எடுத்த கதையையே 'வருஷம் 16' என்று தமிழில் எடுத்தார். கார்த்திக், குஷ்பு. அங்கே மென்மையாக முடிந்த கதைக்கு இங்கே துயர முடிவு தேவைப்பட்டது. தமிழ் ரஸிகன் அழாமல் வீட்டுக்குப் போக மாட்டான் என்று யார் முடிவு கட்டினார்களோ! ரஜினிகாந்த்துக்கு அந்த வருஷம் தமிழில் மட்டும் நாலு படங்கள். அவற்றில் 'ராஜா சின்ன ரோஜா'வில் குழந்தைகளும் கார்ட்டூன் மிருகங்களும் அவரோடு ஆடின. குழந்தைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தீபாவளிக்கு வந்த கமலின் 'வெற்றி விழா' ராபர்ட் லட்லமின் இங்கிலீஷ் நாவலுக்குக் கடன்பட்டது. நினைவிழந்தவன் தான் யார் என்று தேடுகிற நல்ல கருவைத் துப்பாக்கிச் சத்தத்தில் தொலைத்துவிட்டார்கள். அதே தீபாவளிக்குப் பாலசந்தரின் 'புதுப் புது அர்த்தங்கள்'. சந்தேகமும் உடைமை வெறியும் பிடித்த மனைவியிடமிருந்து தப்பி ஓடுகிற பாடகன் கதை. பாலசந்தர் படத்தில் எப்போதும்போல ஓரத்தில்தான் உயிர் இருக்கிறது. பூர்ணம் விசுவநாதனும் சௌகார் ஜானகியும் வயதான தம்பதியாக வருகிறார்கள். அவர்கள் இருவரையும் தனியே எடுத்து ஒரு நாவல் எழுதலாம் என்று எனக்கு வெகுநாளாய் ஆசை.

இந்தத் தீபாவளியின் பெரிய வசூல் படம் 'மாப்பிள்ளை'. அதைப் பற்றிச் சொல்லும்போது ஸ்ரீவித்யாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

1975-ல் பாலசந்தர் 'அபூர்வ ராகங்கள்' எடுத்தார். அதில் ஸ்ரீவித்யா சங்கீத வித்வாம்சினி. தம்மை விட வயதில் மூத்த அந்த அம்மாளைக் காதலிக்கிற வாலிபன் கமல்ஹாசன். அவளை விட்டுப் போய்த் திரும்பி வருகிற கணவன் ரஜினிகாந்த். ரஜினிக்கு அதுதான் முதல் படம். பதினாலு வருஷம் கழிகிறது. கமல் கமலாகவே இருக்கிறார், ரஜினி ரஜினியாகவே இருக்கிறார். 1989-ல் ஸ்ரீவித்யா 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமலுக்குத் தாயார். அதே வருஷம் 'மாப்பிள்ளை'யில் ரஜினிக்கு மாமியார். இரண்டு வருஷம் கழித்து 'தளபதி'யில் ரஜினிக்கே தாயார். எம்.எல். வசந்தகுமாரியின் இந்த மகள் பிறந்தது 1953-ல். ரஜினியை விட ஏறக்குறைய மூன்று வயது இளையவர், கமலை விட ஒரு வயதுதான் பெரியவர். 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வேடிக்கை இன்னும் அதிகம். அப்பா சேதுபதியாகவும் கமலே வருவதால் முதல் அரை மணியில் அவருக்கு மனைவி, அப்புறம் அவருக்கே அம்மா.

சினிமாவில் இதெல்லாம் சகஜம் என்று நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 'மாப்பிள்ளை'யில் அவருக்குக் கொடுத்த வேலையைப் பாருங்கள். தெலுங்கில் சிரஞ்சீவியும் வாணிஸ்ரீயும் நடித்த கதை. செல்வமும் செல்வாக்கும் உள்ள ஒரு கர்வக்காரி, அவளை மருமகன் எப்படி அடக்குகிறான் என்பதுதான் மொத்தக் கதை. ஸ்ரீவித்யா அந்தக் கர்வத்தை நடித்த விதம் அபாரம். புருவத்தை உயர்த்தினால் போதும், எதிரில் நிற்பவன் கூலிக்காரன் ஆகிவிடுகிறான். அத்தனை கம்பீரத்தையும் ஏற்றிக் காட்டியது உடைப்பதற்காகத்தான். அவர் ஒவ்வொரு முறை அவமானப்படும்போதும் கொட்டகை கைதட்டியது. கைதட்டியவர்களில் பாதிப்பேர் பெண்கள். ஒவ்வொருத்தியின் மனத்திலும் ஒரு மாமியார் இருந்திருப்பாள், அதில் தப்பு இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் வீட்டு மாமியார்கள் யாரும் பங்களாவில் இருந்துகொண்டு கம்பெனி நடத்தவில்லையே! சொந்தக் காலில் நிற்கிற ஒருத்தியை மண்டியிட வைக்கும் காட்சிக்கு, மற்றப் பெண்களின் வீட்டுக் கோபத்தைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

இனி அந்த வருஷத்தின் முக்கியமான நாளுக்கு வருகிறேன். ஏப்ரல் 14, தமிழ் வருஷப் பிறப்பு. அன்று வந்த படங்களில் ஒன்று 'அபூர்வ சகோதரர்கள்'. மற்றொன்று, கே. பாக்யராஜிடம் உதவியாளராக இருந்த பார்த்திபன் முதன்முதலாக எழுதி, இயக்கி, தாமே கதாநாயகனாகவும் நடித்த 'புதிய பாதை'.

'புதிய பாதை' திறமையான படம். அதில் சந்தேகம் இல்லை. குப்பைத் தொட்டியில் எறியப்பட்ட குழந்தை, பேர்கூட இல்லாமல் வளர்ந்து, காசு கொடுத்தால் எதையும் செய்கிற ரௌடியாகிறது. அவன் பேச்சில் ஒரு குத்தல், ஒரு குறும்பு. அது அதுவரை தமிழ்ப் படத்தில் கேட்காத குரல். சேரியில் அவனுக்குத் துணையாக வருகிற கிழவி மனோரமா. அந்த நடிப்புக்கு அவருக்கு தேசிய விருது கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் படத்துக்கே. எல்லாம் சரி. கதை என்ன? கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணை அந்த ரௌடி பலாத்காரம் செய்கிறான். கல்யாணம் நின்றுவிடுகிறது. அவள் அழுது மூலையில் உட்காரவில்லை. அவன் இருக்கும் சேரிக்கே வருகிறாள், அவனோடு குடித்தனம் நடத்துகிறாள், அவனை மனுஷனாக்குகிறாள். சீதா அந்தப் பெண்.

படத்தைப் புகழ்ந்தவர்கள், "அவள் பயந்து ஓடவில்லை, அவனைத் தேடி வந்தாள், இதுதான் புதிய பாதை" என்றார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். அவள் தைரியசாலி, வாஸ்தவம். ஆனால் அந்தத் தைரியம் முழுவதும் யாருக்குப் பயன்படுகிறது? அவனுக்கு. அவன் எப்படிக் கெட்டான் என்று தெரிந்துகொள்வதற்குப் படம் குப்பைத் தொட்டி வரை போகிறது. அவளுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அவள் மனத்துக்குள் ஒரு படிகூட இறங்கவில்லை. அவனைத் தொடும்போது அவள் கை நடுங்காதா? ராத்திரி அவன் குரல் கேட்டால் திடுக்கிட்டு விழிக்க மாட்டாளா? ஒரு நாவலாசிரியன் இந்தக் கதையை எழுதினால் முதல் இருபது பக்கமும் இதுதான் வரும். கெடுத்தவன் கையால் தாலி கட்டிக்கொண்டால் கெட்டது சரியாகிவிடும் என்கிற பழைய பாதை ஒன்று நம் கிராமத்துப் பஞ்சாயத்துகளில் உண்டு. அதே பாதைக்குத்தான் இங்கே புதுப் பலகை மாட்டியிருக்கிறது.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-ல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் முகமறியாத ஒருவனின் காரில் ஏறிக் கெட்டுப்போய் வந்த மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். நாடே கொதித்தது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று அவரே ஒரு நாவல் எழுதினார். அதுதான் 1972-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதில் கங்காவும் அந்த மனிதனைத் தேடிப் போகிறாள், கண்டுபிடிக்கிறாள். ஆனால் அவளைப் பெண்டாட்டியாக்கிக் கதையை மங்களமாக முடிக்கவில்லை ஜெயகாந்தன். அவனைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உண்மையான கஷ்டமே ஆரம்பிக்கிறது. இத்தனையும் தமிழில் நடந்து பல வருஷம் கழித்து, அதே தேடலைச் சுகமான இல்லறமாக்கிக் காட்டிய படத்துக்குத் தேசிய விருது கொடுத்தார்கள்.

பழைய படத்தின் மேல் இத்தனை காரம் எதற்கு என்று கேட்கலாம். 2015-ம் வருஷம், பலாத்கார வழக்கில் தண்டனை அடைந்த ஒருவன் அந்தப் பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக அவனுக்கு ஜாமீன் கொடுத்து உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். சில நாளில், வேறொரு வழக்கில், இந்தக் குற்றத்தில் சமரசப் பேச்சுக்கு இடமே இல்லை, கல்யாணம் செய்துகொள்கிறேன் என்பது பரிகாரம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகச் சொன்னது. பிறகு சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நீதிபதிகள் சினிமா பார்த்துத் தீர்ப்பு எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த உத்தரவும் இந்தப் படமும் ஒரே நம்பிக்கையில் விளைந்தவை. அந்த நம்பிக்கைக்கு ஊர் கைதட்டியது, டில்லி பரிசு கொடுத்தது.

அதே நாள் வந்த மற்றப் படத்தைப் பார்ப்போம். 'அபூர்வ சகோதரர்கள்' என்ற பெயரில் ஜெமினி 1949-லேயே ஒரு படம் எடுத்தது. எம்.கே. ராதா இரட்டை வேஷம். அலெக்ஸாண்டர் டூமாவின் கதை. அதில் ஒருவனுக்கு வலித்தால் மற்றவனுக்கும் வலிக்கும். நாற்பது வருஷம் கழித்து வந்த படத்தில், இவனுக்கு அவன் இருப்பதே கதை முடியப்போகும்வரை தெரியாது. தகப்பனைக் கொன்ற நாலு பேர் தாய்க்கு விஷத்தைப் புகட்டுகிறார்கள். வயிற்றிலிருந்த இரட்டையரில் ஒருவன் அதனால் குள்ளனாகிறான். தாயோடு சர்க்கஸில் வளர்ந்த அவன் அப்பு. மனோரமா வளர்த்த நெடியவன் ராஜா, மோட்டார் மெக்கானிக். அப்பு செய்கிற கொலைக்குப் போலீஸ் ராஜாவைத் துரத்துகிறது. சிங்கீதம் சீனிவாசராவின் டைரக்‌ஷன், கிரேஸி மோகனின் வசனம். தாம் கண்டுபிடித்த ஒவ்வொரு அசட்டுத்தனத்துக்கும் கான்ஸ்டபிளிடம் பாராட்டு வாங்குகிற இன்ஸ்பெக்டர் ஜனகராஜ் இன்றும் சிரிக்கவைக்கிறார். பழிவாங்கும் கதை என்ற அளவில் புதிது ஒன்றும் இல்லை. புலி, சிங்கம், விசைப்பொறி என்று கொலைகளுக்குச் சர்க்கஸ் ஜோடனை செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கோடை விடுமுறை முழுக்க எங்கள் தெருப் பிள்ளைகள் முட்டியிலேயே நடந்தோம். கால் எங்கே ஒளிந்திருந்தது என்பதுதான் பெரியவர்களுக்கும் பேச்சு. எங்கள் ஊர்ச் சந்தையில் வெற்றிலைக் கடை வைத்திருந்த குள்ளமான மனிதர் ஒருவரை அதுவரை ஒரு கேலிப் பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு மரியாதையாக "அப்பு அண்ணே" என்றோம். அதையும் அவர் விரும்பவில்லை. கிள்ளிப் போட்ட காம்புகளை வாரி எங்கள் மேல் எறிந்தார்.

பெரியவனான பிறகு பார்த்தபோது கால் எங்கே என்று தேடத் தோன்றவில்லை. ரிஜிஸ்திரார் ஆபீஸ் காட்சிதான் நின்றது. சர்க்கஸ் முதலாளியின் மகள் மனோ அப்புவோடு அன்பாய்ப் பழகுகிறாள். அவள் தன்னைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து, நன்றாக உடுத்திக்கொண்டு, மாப்பிள்ளைக் களையோடு அவன் ரிஜிஸ்திரார் ஆபீஸுக்குப் போகிறான். அங்கே வேறொருவன் நிற்கிறான். அப்புவைக் கூப்பிட்டது சாட்சிக் கையெழுத்துக்கு.

இந்த இடத்தில் தமிழ்ப் படம் வழக்கமாக என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பெண்ணை ஏமாற்றுக்காரி ஆக்கும். கதாநாயகன் நாலு வார்த்தை கேட்பான். இல்லாவிட்டால் அவள் புருஷன் அயோக்கியன் என்று கடைசியில் தெரியவரும். இங்கே ஒன்றும் இல்லை. மனோ நல்ல பெண். அவளுக்கு இவன் சிநேகிதன், அவ்வளவுதான். அவன் மனத்தில் இருந்தது அவளுக்குத் தெரியாது, அவனும் சொல்லவில்லை. அவள் வேறொருவனை விரும்பினாள் என்பதற்காகப் படம் அவளைத் தண்டிக்கவில்லை, திட்டவும் இல்லை. கமல்ஹாசனின் முகத்தில் அந்த ஒரு நிமிஷத்தில் நடப்பதை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. சந்தோஷம் வழிகிற முகம் அப்படியே இருக்க, உள்ளேயிருந்து வெளிச்சம் மட்டும் அணைகிறது. அவளுக்கு எதுவும் தெரிந்துவிடக்கூடாது என்று அதே முகத்தை வைத்துக்கொண்டே, எட்டாத மேஜையை எட்டிப் பிடித்துக் கையெழுத்துப் போடுகிறான்.